பகலில் பி.ஏ., இரவில் 'நீட்'!
டாக்டர் கனவோடு வேறு பட்டம் படிக்கும் பிள்ளைகள்

மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டது 1690-ம் ஆண்டு. கோட்டை விழுந்தது 1698-ம் ஆண்டு. எட்டு வருஷம்! அப்படியும் அவர்கள் பிடிக்க வந்த ராஜாராம் அகப்படவில்லை. கோட்டை விழுமுன்பே தப்பிப் போய்விட்டார்.

அதே செஞ்சிப் பக்கத்தில் இப்போது வேறொரு முற்றுகை நடக்கிறது. டாக்டர் படிப்புக்கான 'நீட்' பரீட்சையை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இடம் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு கல்லூரியிலும் சேர்ந்துவிடுகிறார்கள். சரித்திரமோ, தமிழோ, வணிகவியலோ, கிடைத்த பாடத்தில் சேருகிறார்கள். பகலில் பி.ஏ. வகுப்பு. இரவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல்.

இது புத்திசாலித்தனமா? அல்லது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?

இலக்கியம் படித்த டாக்டர்

வேறு பாடம் படித்துவிட்டு டாக்டர் ஆனவர்கள் உலகத்தில் உண்டா? உண்டு. அமெரிக்காவில் அதுதான் வழக்கமே! அங்கே பள்ளிக்கூடம் முடித்தவுடன் டாக்டர் படிப்பில் சேர முடியாது. பெரும்பாலும் நாலு வருஷம் படித்து ஒரு பட்டம் வாங்க வேண்டும். அந்தப் பட்டம் இசையாகவும் இருக்கலாம், சரித்திரமாகவும் இருக்கலாம். கூடவே உயிரியல், ரசாயனம், பௌதிகம் சில வகுப்புகள் படித்திருந்தால் போதும். அப்புறம் நுழைவுப் பரீட்சை.

ஹெரால்டு வார்மஸ் என்பவர் அங்கே ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., எம்.ஏ. படித்தவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அவருக்கு இரண்டு முறை இடம் மறுத்தது. கொலம்பியாவில் சேர்ந்து 1966-ல் டாக்டர் ஆனார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 1989-ல் நோபல் பரிசு பெற்றார்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே பி.ஏ. என்பது டாக்டர் படிப்புக்கு ஏறும் படி. இங்கே அது படியே அல்ல. எம்.பி.பி.எஸ். இடம் கொடுக்கும்போது உங்கள் பட்டத்துக்கு ஒரு மார்க்கு கூடக் கிடையாது. பிளஸ் 2-வில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் படித்திருக்க வேண்டும், நீட் மார்க்கு வேண்டும், அவ்வளவுதான். (பிளஸ் 2-வில் உயிரியல் படிக்காதவர் பின்னால் அதைத் தனிப் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவக் கமிஷன் 2023 நவம்பரில் அறிவித்தது. வணிகப் பிரிவு படித்தவர்களுக்கு இது புதிய கதவு.)

ஆகையால் இங்கே பி.ஏ. ஒரு குடைதான். மழை வந்தால் உதவும். கோட்டைக்குள் கொண்டு போய் விடாது.

பக்கத்தில்தான் கல்லூரி!

செஞ்சிக்காரர்களுக்கு மருத்துவக் கல்லூரி தூர தேசத்தில் இல்லை. விழுப்புரம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் 2010-ல் வந்தது. திருவண்ணாமலையில் 2013-ல் வந்தது. இரண்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. செஞ்சிக்கு ரெயில் இல்லாவிட்டாலும் பஸ் ஏறினால் போய்ச் சேரலாம். உள்ளே நுழைவதுதான் கஷ்டம்.

2025-ம் ஆண்டு நாடு முழுவதும் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்து 9 ஆயிரம் பேர். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்து 36 ஆயிரம் பேர். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 18 ஆயிரந்தான். எழுதியவர்களில் சுமார் 19 பேருக்கு ஓர் இடம்!

'என் மகள் நீட் பாஸ்' என்று சொல்லிச் சந்தோஷப்படும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாஸ் வேறு, இடம் வேறு. தகுதி பெற்றவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை பிளஸ் 2 மார்க்கைப் பார்த்தே இடம் கொடுத்தார்கள். மார்க்கு போதாவிட்டால் பெரும்பாலோர் வேறு படிப்புக்குப் போய்விடுவார்கள். நீட் வந்த பிறகு நிலைமை மாறியது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. மேல் வயது வரம்பும் 2022-ல் நீங்கியது. எழுதிக்கொண்டே இருக்கலாம்! நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. 2016-17-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், முந்திய வருஷங்களில் பிளஸ் 2 முடித்தவர்கள் 100-க்கு 12 பேர். 2020-21-ல் அது 100-க்கு 71 பேர். நீட் வேண்டாம் என்று தமிழ்நாடு சட்டசபை 2021-ல் மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

முதல் தடவையிலேயே நுழைகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றால், காத்திருக்கும் வருஷத்தை என்ன செய்வது? அதுதான் ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி.

சும்மா இருந்தால் கல்யாணம்

பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரு வருஷம் பட்டணத்தில் தங்கி, லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டிப் பயிற்சி வகுப்பில் படிக்கும். வேர்க்கடலை போட்டு, நெல் போட்டு, விற்பனைக்கூடத்தில் விலைக்குக் காத்திருக்கும் வீட்டில் அது நடக்குமா?

பெண் பிள்ளைக்கு இன்னொரு கஷ்டம். வீட்டில் உட்கார்ந்து படித்தாலும், 'சும்மாதானே இருக்கிறாள்' என்று உறவினர் சொல்லுவார்கள். இரண்டாம் மாதமே ஜாதகம் கேட்டு ஆள் வரும். கல்லூரியில் பெயர் இருந்தால், 'படித்துக்கொண்டிருக்கிறாள்' என்று வாயை அடைக்கலாம். பி.ஏ. சேருவதற்கு இது நல்ல காரணமா என்று கேட்காதீர்கள். உண்மையான காரணம்.

பணமும் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. வீட்டிலிருந்து நீட்டுக்குப் படிப்பவருக்கு இந்தப் பணம் இல்லை. கல்லூரி மாணவருக்குத்தான்.

மே மாதச் சண்டை

இனி கஷ்டத்தைப் பார்ப்போம். நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு வரும். 2025-ல் மே 4. கல்லூரிப் பரீட்சைகள் ஏப்ரல், மே மாதங்களில்! இரண்டும் ஒரே சமயத்தில் கழுத்தைப் பிடிக்கும். 75 சதவிகிதம் வருகை வேண்டும் என்பதால் வகுப்புக்கு மட்டம் போடவும் முடியாது. பஸ்ஸில் போய்வரும் நேரம் தனி.

நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க்கு. தவறான விடைக்கு ஒரு மார்க்கு போய்விடும். உயிரியல் மட்டும் 90 கேள்வி. 'அப்படியானால் விலங்கியல் பட்டம் எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமே' என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இது முழுதும் சரியல்ல. நீட் கேள்விகள் 11, 12-ம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகின்றன. கல்லூரி விலங்கியல் வேறு வழியில், வேறு ஆழத்தில் போகும். சோதனைக்கூட வகுப்பு வேறு மத்தியானத்தைத் தின்றுவிடும். பி.ஏ. தமிழோ சரித்திரமோ எடுத்தவருக்குச் சோதனைக்கூடம் இல்லை. ஷிப்டு முறை உள்ள சர்க்கார் கல்லூரியானால் பாதி நாள் கையில் மிஞ்சும்.

எனவே நீட்டுக்கு உதவுமா என்று பார்த்துப் பாடம் எடுப்பதில் அர்த்தம் இல்லை. டாக்டர் இடம் கிடைக்காமலே போனால், இந்தப் பாடத்தை வைத்து நான் பிழைப்பேனா, இதை விரும்பிப் படிப்பேனா என்று பார்த்து எடுக்க வேண்டும். சரித்திரம் பிடித்த பெண் சரித்திரம் எடுக்கட்டும். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை வீட்டு வாசலில் இருக்கிறது! பிடிக்காத பாடத்தில் பெயருக்குச் சேர்ந்தவர்தான் கடைசியில் நீட்டும் இல்லாமல், பட்டமும் இல்லாமல், பாக்கிப் பேப்பர்களோடு நிற்கிறார்.

இடையில் விட்டுப் போகிறவரின் இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சர்க்கார் கல்லூரி இடத்துக்கு ஏங்கிய இன்னொரு ஏழைப் பிள்ளை வெளியே நிற்கும்.

எத்தனை தடவை?

என் அபிப்பிராயம் இது: பட்டமும் படிக்கட்டும், நீட்டும் எழுதட்டும். ஆனால் எத்தனை தடவை என்று சேரும்போதே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும். இரண்டு தடவை என்றால் இரண்டு. கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடியும்போது மார்க்கு ஏறவில்லை என்றால், மூன்றாம் வருஷம் முழுவதும் பட்டத்துக்கே. ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் இன்னொரு தடவை கூடப் பார்க்கலாம். 2020-ம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு. மறுபடி எழுதுகிறவருக்கும் அது பொருந்தும்.

பி.ஏ.வில் கையெழுத்துப் போடுமுன் நர்சிங், பார்மசி, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கும் மனுப் போடலாம். தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பிளஸ் 2 மார்க்கைப் பார்த்தே இடம் தந்து வந்திருக்கிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஜாக்கிரதை! அசல் மார்க் ஷீட்டைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திருப்பி வாங்கி, இரண்டு மூன்று நகல் எடுத்து வையுங்கள். மாற்றுச் சான்றிதழ் கல்லூரியில்தான் இருக்கும். மருத்துவக் கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டால் அவகாசம் சில நாட்களே. அதை வாங்க யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று சேரும் அன்றே ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.