பெயர் வைத்தவரும் பேர் வாங்கியவரும்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைந்து 'ஹோகி' என்று கேட்பவருக்கு, ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளமுள்ள இத்தாலிய ரொட்டியைப் பிளந்து, உள்ளே இறைச்சியும் பாலாடைக்கட்டியும் நிறைத்துக் கொடுப்பார்கள். அதே பெயரைப் பழைய ஜாஸ் சங்கீதத்தில் பிரியமுள்ள ஒருவரிடம் சொன்னாலோ, அவர் இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேலின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுவார். பிரசித்தி பெற்ற மனிதரிடமிருந்துதான் பண்டத்துக்குப் பெயர் வந்திருக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்வது ஜனங்களின் சுபாவம். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு என்பதும், அதனால் நியாயமாகப் பேர் வாங்கவேண்டிய வேறொருவர் மறைந்துபோகிறார் என்பதும் என் அபிப்பிராயம்.

கார்மைக்கேல் 1899-ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் பிறந்தவர். ஹோவர்ட் ஹோக்லண்ட் என்பது பெற்றோர் இட்ட பெயர். தாயார் கருவுற்றிருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் தங்கிய ஹோக்லண்ட் சர்க்கஸ் குழுவினரின் ஞாபகமாக அந்தப் பெயர் வைக்கப்பட்டதென்று சொல்வதுண்டு. மௌனப் படங்களுக்குப் பியானோ வாசித்து வந்த அந்தத் தாயாரிடமிருந்தே சங்கீத ஞானம் வாய்க்கப்பெற்று, பிறகு சட்டம் படித்து 1926-இல் பட்டமும் பெற்ற அவ்வாலிபர், வக்கீல் தொழிலில் மனம் பற்றாமல் பியானோவிடமே திரும்பி, 1927-இல் 'ஸ்டார்டஸ்ட்' பாட்டைப் பதிவு செய்தபோது, அது நூற்றுக்கணக்கான கலைஞர்களின் குரலிலும் வாத்தியத்திலும் ஒலிக்கப்போவதை அறிந்திருக்க நியாயமில்லை. 1930-இல் அவர் மெட்டமைத்த 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்', முப்பது ஆண்டுகளுக்குப் பின் ரே சார்ல்ஸ் பாடியதனால் புத்துயிர் பெற்று, 1979-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அதிகாரபூர்வமான பாடலாயிற்று. இயற்றியவரோ அந்த மாநிலத்துக்காரரே அல்லர்! சினிமாவிலும் நடித்தார். இயான் ஃபிளெமிங் தம் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலில் கதாநாயகனின் முகத்தை வருணிக்க இவருடைய முகத்தையே எடுத்துக்காட்டியிருக்கிறார் என்றால், அந்நாளில் இவருக்கிருந்த கீர்த்தியை விளக்க வேறு சாட்சி வேண்டியதில்லை. 

இனி ரொட்டியின் கதை. தேர்ந்த கடைக்காரர் ரொட்டியை இரண்டு துண்டாக்குவதில்லை. ஒரு விளிம்பு ஒட்டியிருக்கும்படி நீளவாட்டில் பிளந்து, ப்ரோவலோன் பாலாடைக்கட்டியையும், மிக மெல்லிதாகச் சீவிய ஹாம், சலாமி முதலியவற்றையும் அடுக்கி, அவற்றின்மேல் தக்காளி, வெங்காயம், லெட்டூஸ் கீரை பரப்பி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ஆரிகனோ இலைத் தூளைத் தூவி மூடுகிறார். இது இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் கைவண்ணம் என்பதில் விவாதமில்லை. ஏறக்குறைய இதே பண்டம் நியூயார்க்கில் 'ஹீரோ' என்றும், நியூ இங்கிலாந்தில் 'கிரைண்டர்' என்றும் வழங்குகிறது. ஃபிலடெல்ஃபியா மாத்திரம் ஏன் 'ஹோகி' என்றது என்பதில்தான் வழக்கு.

முதல் உலக யுத்த காலத்தில், இன்று அந்நகரின் விமான நிலையம் இருக்கும் பகுதியில், ஹாக் ஐலண்ட் என்ற மாபெரும் கப்பல் கட்டும் தளம் இருந்தது. ஒரே சமயத்தில் 50 கப்பல்களைக் கட்டத்தக்க அந்த இடத்தில் ஆக மொத்தம் 122 கப்பல்கள் உருவாயின. அங்கே உழைத்த இத்தாலியர்கள் மத்தியானத்துக்குக் கொண்டுபோன ரொட்டிக்கு இடத்தின் பெயரே நிலைத்ததென்பது ஊரார் மிகவும் விரும்பிச் சொல்லும் கதை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தளத்தின் வேலை 1921-இல் முடிந்துவிட்டது. பெயரோ அதற்கு வெகு காலத்துக்குப் பிறகே எழுத்தில் தலைகாட்டுகிறது. நடுவில் கிடக்கும் அத்தனை வருஷங்களுக்கும் இந்தக் கதை கணக்குக் காட்டுவதில்லை.

ஆல் டி பால்மா என்ற ஜாஸ் வாத்தியக்காரரின் கதையில் அந்தக் குறை இல்லை. 1928-இல் தம் சகா ஒருவர் இத்தகைய நீண்ட ரொட்டியைத் தின்னக் கண்டு, இவ்வளவையும் விழுங்குவதற்குப் பன்றியாகப் பிறந்திருக்கவேண்டும் என்று அவர் பரிகசித்தாராம். ஆங்கிலத்தில் 'ஹாக்' என்றால் பன்றி. பிறகு பொருளாதார மந்தம் சூழ்ந்து, வாசிப்பவருக்குக் கூலி கிடைப்பது அருமையாகிவிட, 1936-இல் அவரே ஒரு ரொட்டிக் கடை திறந்து, அந்தப் பரிகாசத்தையே பெயராக்கி 'ஹாகி' என்று விற்று ஜீவித்தார். தம் கதையைத் தாமே சொல்லிக்கொண்ட வியாபாரி என்ற ஆட்சேபம் எழக்கூடும்; எனினும் காலம் பொருந்துகிறது, கடை பொருந்துகிறது, வழங்கிய பெயரும் பொருந்துகிறது.

கார்மைக்கேலுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், சிறிது இருக்கலாம். 1940-களில் ஃபிலடெல்ஃபியாக் கடைகள் இப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதி வந்து, கடைசியில் 'ஹோகி' என்பதில் ஒருமைப்பட்டன. அவர் ரேடியோவிலும் திரைப்படத்திலும் வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்த காலமும் அதுவே. பன்றியின் வாடை வீசும் பெயரைவிட, நாடறிந்த பாட்டுக்காரரின் பெயரைப் போல் ஒலிக்கும் பெயர் பலகைக்கு அழகு என்று கடைக்காரர்கள் நினைத்திருந்தால் அது இயல்பே. பெயரின் ஓர் உயிரெழுத்தை அவருடைய புகழ் மாற்றியிருக்கலாம். பெயரைப் படைத்தது அதுவன்று.

1992-இல் நகரத் தலைவர் எட் ரெண்டல், ஹோகியே ஃபிலடெல்ஃபியாவின் அதிகாரபூர்வமான சாண்ட்விச் என்று அறிவித்தார். தன் பண்டத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு நகரத்துக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் அதன் சரித்திரத்தை எழுதுவோர், ஊருக்குப் பெருமை தருகிறதென்பதற்காகக் கப்பல் தளத்தையும், யாவரும் அறிந்தவர் என்பதற்காக இசையமைப்பாளரையும் முன்னே நிறுத்துவது முறையன்று. முதல் வரியில் டி பால்மாவை வைக்கட்டும். கார்மைக்கேலுக்கு அடிக்குறிப்பு போதும்.