குமாஸ்தாவுக்கு இலக்கியம் எதற்கு?

2006-இல் நிக்கோலா சர்க்கோசி பிரான்சின் உள்துறை அமைச்சராக இருந்தார். அந்த வருடம் லியோன் நகரக் கூட்டம் ஒன்றில், அரசு வேலைக்கான தேர்வில் 'லா பிரான்செஸ் தெ க்ளேவ்' நாவலைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்களே என்று கேலி செய்தார். கவுண்ட்டரில் உட்காரும் பெண்ணுக்கு அந்த நாவல் எதற்கு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். 1678-இல் வெளிவந்த, மதாம் தெ லா ஃபாயேத் எழுதிய நாவல் அது.

பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, வேலைக்காலம் முழுவதும் அரசாங்க மேசையில் கோப்பு புரட்டியவன் நான். அந்தக் கேலியில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே பதில் சொல்லும் உரிமையும் உண்டு.

இது ஒரு மனிதரின் நாக்கில் திடீரென்று முளைத்த எண்ணம் அல்ல. கல்வியைத் தொழிற்சாலைக் கணக்கில் எடை போடும் பழக்கம் ஊர் ஊராகப் பயணம் செய்து வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1981-இல் மார்கரெட் தாட்சர் அரசு பல்கலைக்கழக மானியத்தை வெட்டியது. 1985-இல் ஜாரட் குழு அறிக்கை வந்தது. குழுவின் தலைவர் அலெக்ஸ் ஜாரட், ரீட் இன்டர்நேஷனல் என்ற பெரிய நிறுவனத்தை நடத்தியவர். துணைவேந்தர் அறிஞராக மட்டும் இருந்தால் போதாது, கம்பெனியின் தலைமை நிர்வாகி போலவும் செயல்பட வேண்டும், ஒவ்வொரு துறைக்கும் அளவுகோல் வேண்டும் என்றது அறிக்கை. மறு வருடமே ஆராய்ச்சிக்குத் தரம் போட ஆரம்பித்தார்கள். 1998-இல் மாணவர்களுக்கு 1,000 பவுண்டு கட்டணம் வந்தது. 2012-இல் அது 9,000 பவுண்டு வரை போனது. மாணவன் வாடிக்கையாளன் ஆகிவிட்டான்.

பிரான்சுக்கு இந்தக் காற்று மெதுவாகத்தான் வீசியது. 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு வந்த எட்கார் ஃபோர் சட்டம், பேராசிரியர், மாணவர், ஊழியர் எல்லாரும் சேர்ந்து உட்காரும் மன்றங்களிடம் பல்கலைக்கழகத்தை ஒப்படைத்தது. 2001-இல் வந்த புதிய வரவுசெலவுச் சட்டம், அரசின் ஒவ்வொரு செலவுக்கும் இலக்கும் குறியீடும் கேட்டது. 2003-இல் ஷாங்காய் தரவரிசை வெளியானதும், நம் பல்கலைக்கழகங்கள் இத்தனை பின்னாலா என்று பாரிசில் முகம் சுளித்தார்கள். 2007-இல் சர்க்கோசி ஜனாதிபதியானார். அந்த ஆகஸ்டிலேயே புதிய சட்டம் வந்தது. நிர்வாகக் குழு 20 முதல் 30 பேராகச் சுருங்கியது. பணமும் ஆள் நியமனமும் பல்கலைக்கழகத் தலைவரின் கைக்கு வந்தன.

2009-இல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாரிஸ் நகராட்சி மாளிகை எதிரே இரவும் பகலும் வட்டமாக நடந்தார்கள். அந்தத் திடலின் பழைய பெயர் க்ரேவ். வேலைநிறுத்தத்துக்கான பிரெஞ்சுச் சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். அத்தோடு விடவில்லை. பந்தேயோன் வாசலில் நின்று, கேலிக்கு ஆளான அதே நாவலை ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசித்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய மன்றங்களில் பேச்சு நீண்டது, முடிவு வரவில்லை என்பது பொய்யல்ல. மக்கள் வரிப்பணத்துக்குக் கணக்கு கேட்பது நியாயம்தான். கணக்கு எழுதியே சம்பளம் வாங்கியவன் அதை மறுக்க முடியுமா?

ஆனால் கணக்கு என்ன செய்யும் என்பதும் குமாஸ்தாவுக்குத் தெரியும். நான் இருந்த ஓர் அலுவலகத்தில், மாதம் எத்தனை கோப்பு முடித்தோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு சந்தேகத்தைக் கிளப்பி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால், அதுவும் 'முடிந்த' கோப்புதான். மாதக் கடைசியில் அப்படித் திரும்பிப் போன விண்ணப்பங்கள் ஏராளம். அறிக்கை அழகாக இருந்தது. விதவைப் பென்ஷனுக்கு மனு போட்ட அம்மாள் மட்டும் மறுபடி வாசற்படி ஏறினார்.

நம் நாட்டிலும் அதே கதைதான். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரை வெளியிட்டால் இத்தனை புள்ளி. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு நல்ல காலம் பிறந்தது. கடைசியில் 2018-இல், தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை மானியக் குழு நீக்க வேண்டியதாயிற்று. புள்ளி கேட்டார்கள், புள்ளி கிடைத்தது.

இப்போது கவுண்ட்டர் பெண்ணுக்கு வருகிறேன். எதிரே நிற்பவர் ஏன் தடுமாறுகிறார், எதைச் சொல்லக் கூசுகிறார் என்று எந்த விதிப்புத்தகமும் சொல்லித் தராது. 'லா பிரான்செஸ் தெ க்ளேவ்' முழுக்க அதுதான்: மனதில் இருப்பதைச் சொல்வதா, மறைப்பதா என்ற தவிப்பு. அதைப் படித்தவருக்கு விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒரு முகம் தெரிய வாய்ப்பு உண்டு. அந்த முகத்துக்கு எந்த அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

கணக்குப் பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர்தான். அதற்காக அடுப்படியில் என்ன சமைப்பது என்பதை அவரா முடிவு செய்வது?