ஒன்றேகால் மணிப் பயணம்



"பிள்ளை, சென்னையிலயிருந்து மகள் வந்து சேர எவ்வளவு நேரம் செல்லும்?" பாலையூற்றில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். 1990இல் படகேறித் தமிழ்நாடு போன மகள், முகாமிலிருந்து பிள்ளைகளுடன் ஊர் திரும்ப விரும்புகிறாள்.

சென்னைக்கும் கட்டுநாயக்காவுக்கும் வான்வழியாக ஏறக்குறைய 650 கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதான். ஆனால் மூன்று மணித்தியாலம் முன்னதாகவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். இறங்கிய பின் திருகோணமலைக்கு வீதியால் ஐந்தாறு மணித்தியாலம். 2006 ஏப்ரலிலிருந்து இரு நாட்டு நேரமும் ஒன்றே என்பதால், டிக்கற்றிலுள்ள நேரத்தை அப்படியே கணக்கிடலாம்.

"அப்ப ஒரு பகல்தானே!" அம்மாவின் முகம் மலர்ந்தது.

அந்தப் பகலுக்கு முன்னால் நீண்ட காத்திருப்பு இருக்கிறது. இந்திய அரசின் வெளியேறும் அனுமதி, சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தின் பயணப் பத்திரம், அங்கு பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, குடியுரிமை. இவற்றுக்கு மாதக்கணக்கில் செல்லலாம்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியொன்றை எடுத்து வந்தார். காணாத பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த திகதிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன்.

உங்கள் உறவுகளும் திரும்ப எண்ணினால், டிக்கற் எடுக்க முன் பத்திர வேலைகளைத் தொடங்கச் சொல்லுங்கள்.