ஊழியம்னா மைக் மட்டும்தானா?

வருஷா வருஷம் ஜனவரியில் நம்ம தமிழ்ச் சபைகளில் ஒரு பிரசங்கம் தவறாமல் வரும். "எல்லாரும் ஊழியத்துக்கு வாங்க!" நாலு பேர் எழுந்து நிற்பாங்க, ஐயா ஜெபிப்பார். அடுத்த ஞாயிறு அந்த நாலு பேரும் நாற்காலி அடுக்கிக்கிட்டு இருப்பாங்க. அதற்கடுத்த ஜனவரியிலும் அதே நாற்காலிதான்.

பதினோரு வருஷமாக செகந்திராபாத்தில் இதைப் பார்க்கிறேன். புனே, அகமதாபாத் நண்பர்களைக் கேட்டால் அங்கேயும் இதே கதை.

நாற்காலி அடுக்குவது தாழ்ந்த வேலை என்று சொல்ல வரவில்லை. அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசுகிற விதவைகளுக்குப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது (மொழிப் பிரச்சினை அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்க). அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதில் ஒருவரான பிலிப்பு பிறகு சமாரியாவுக்குப் போனார், எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். "தம்பி, உன்னைப் பந்திக்குத்தானே வெச்சோம்" என்று யாரும் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை. நம்ம கமிட்டியாக இருந்தால் விளக்கக் கடிதம் கேட்டிருக்கும்!

எனக்குப் பிடித்த ஆள் பர்னபா. சவுலைப் பார்த்து எல்லாரும் பயந்தபோது கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகினதும், ஆள் அனுப்பாமல், தானே தர்சு பட்டணத்துக்குப் போய்த் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார். 13-ம் அதிகாரம் தொடங்கும்போது "பர்னபாவும் சவுலும்". அது முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" ஆகிவிடுகிறது. தன் பெயர் இரண்டாவதாகப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எங்கேயும் எழுதப்படவில்லை. நம்ம ஊரில் கன்வென்ஷன் நோட்டீஸில் பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் சபையே இரண்டாகும்.

பைபிள் காலம் வேறு என்பீர்களா? இங்கிருந்து விஜயவாடா ரயிலில் ஏறினால் தோர்ணக்கல் வரும். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1909-ல் குருவாக அங்கே வந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். தமிழர், நம்மைப் போலப் பிழைக்க வந்த இடத்தில் தமிழ்ச் சங்கம் வைக்கவில்லை. தெலுங்கு படித்தார். கிராமத்து உபதேசிகளைப் பழக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழை ஜனங்களையும், ஞானஸ்நானம் வாங்கும்போதே, சுவிசேஷம் சொல்வது என் கடமை என்று தங்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். பட்டமும் இல்லை, மைக்கும் இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? பெண் என்றால் சண்டே ஸ்கூல், இல்லாவிட்டால் டீ. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்றால் ப்ரொஜெக்டர். கணக்குத் தெரிந்தவரை மட்டும் பொருளாளர் பதவிக்குப் பக்கத்தில் விடமாட்டோம், அது வேறு விஷயம். ஒருவருக்கு என்ன வரும், எதில் மனசு துடிக்கிறது என்று உட்கார்ந்து அரைமணி நேரம் யார் கேட்டோம்? காலியாக இருக்கிற வேலைக்கு ஆள் தேடுகிறோம். அதற்கு 'அழைப்பு' என்று பெயர் வேறு.

நாகர்கோவில் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி இங்கே நர்ஸாக இருக்கிறாள். இந்தியும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளைப் போய்ப் பார்க்கலாம், சபையிலிருந்து இரண்டு பேர் கூட வந்தால் போதும் என்று கேட்டாள். "முதல்ல கொயர் பிராக்டீஸுக்கு ஒழுங்கா வாம்மா" என்று பதில் வந்தது. பக்கத்துத் தெலுங்குச் சபையில் இரண்டு பேர் இல்லை, ஆறு பேர் கூடப் போனார்கள். இப்போது சனிக்கிழமைதோறும் அவர்களோடுதான் வார்டு வார்டாகச் சுற்றுகிறாள்.

நம்ம சபை ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே 'ஈடுபாடு குறைவு' என்று எழுதியிருக்கிறது.