வேனை விடுங்கள்... ரயிலைப் பிடியுங்கள்!

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்புமே... "எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போய்ட்டு வரலாமா?" உங்கள் வீட்டிலும் கிளம்பியிருக்கும். மாமா வீட்டில் 4 பேர், சித்தப்பா வீட்டில் 5 பேர், நம் வீட்டில் 6 பேர், பாட்டி ஒருத்தர். கூட்டிப் பார்த்தால் 16. உடனே ஒருத்தர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பேசாம ஒரு வேன் எடுத்துடுவோம். ரெண்டு நாள்ல ஒன்பது ஊர் பாத்துடலாம்!"

அங்கேதான் நான் குறுக்கே வந்து நிற்கிறேன். ஒரு நிமிஷம், இதைப் படித்துவிட்டு அப்புறம் வேனுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மார்கழியில் எங்கள் கம்மாபுரத்திலிருந்தும் இப்படித்தான் ஒரு வேன் கிளம்பியது. ராத்திரி 2 மணிக்கு! விடிவதற்குள் முதல் கோயில், 9 மணிக்கு இரண்டாவது, மத்தியானத்துக்குள் நாலாவது என்று கணக்கு. என் பெரியம்மாவும் வந்தார். வயது 62. சர்க்கரையும் உண்டு. காலையிலிருந்து சாயந்திரம் வரை அவர் குடித்த தண்ணீர் மொத்தமே ஒரு டம்ளர்தான்.

"நடு ரோட்டுல வண்டிய நிறுத்தச் சொல்லணும். மாப்பிள்ளை இருக்காரு, பேரப்பிள்ளைங்க இருக்காங்க, டிரைவர் யாரோ எவரோ... எனக்குக் கூச்சமா இருந்துச்சுடா தம்பி."

இதை அவர் சொன்னது சுற்றுலாவில் இல்லை. மூன்றாம் நாள், குளிர் ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு! சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. ஐந்து நாள் ஊசி. ஒன்பது ஊர் பார்த்தோம் என்று பெருமையடித்த எங்களில் ஒருத்தருக்காவது, பெரியம்மா தண்ணீர் குடித்தாரா என்று பார்க்கத் தோன்றியதா? இல்லையே!

வேனில் உடம்பு படும் பாடு

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். சுற்றுலா என்றாலே முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். வழியில் இடம் இருக்காது, இருந்தாலும் உள்ளே போக முடியாது என்ற பயம்தான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணீர் குடித்து, அடக்காமல் போய்க்கொண்டிருந்தால் அந்தக் கிருமி அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். குடிக்காமல் அடக்கினால் அது உள்ளேயே தங்கிப் பெருகும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்தது கால். பின் சீட்டில் முட்டியை மடக்கியபடி 4 மணி நேரம், 5 மணி நேரம்! காலில் ரத்தம் தேங்கி வீங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறதாம். விமானத்துக்கு மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் வயதானவர்கள், குண்டாக இருப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. இதற்கு மருந்து ஒன்றுதான்: அவ்வப்போது எழுந்து நடப்பது. ரயிலில் நடக்கலாம். வேனில் எங்கே நடப்பது?

மூன்றாவது தூக்கம். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். மார்கழியில் அதே நேரத்தில்தான் நம் பக்கம் பனி மூட்டம் ரோட்டை மறைக்கும். முன்னால் போகிற கரும்பு வண்டி தெரியாது. நம் 16 உயிரும் தூக்கக் கண்ணோடு ஓட்டுகிற ஒருவர் கையில்!

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை தெரியுமில்லையா? வெளியூருக்கு அனுப்பும்போது வைக்கோல் வைத்து, அணைகொடுத்து, 'உடையும் பொருள்' என்று எழுதி அனுப்புகிறோம். 70 வயசுப் பாட்டியை மட்டும் பின் சீட்டில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே திணித்து, குலுக்கிக்கொண்டு போகிறோம். நியாயமா?

நம் வாசலிலேயே ஒரு வட்டம்

"சரிங்க, ரயில்ல எங்க போறது?" என்று கேட்பீர்கள். காசி, காஷ்மீர் எல்லாம் இன்னொரு நாளைக்கு ஆகட்டும். எங்கள் விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்தே ஓர் அழகான வட்டம் இருக்கிறது. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று மெயின் லைனில் போய், அரியலூர் வழியாகக் கார்டு லைனில் திரும்பி விருத்தாசலத்திலேயே இறங்கலாம். முழு வட்டமும் 400 கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான். 4 நாளில், பகலிலேயே, நிதானமாக முடித்துவிடலாம்.

கூட்டம் முட்டுகிற பெரிய ஊர்களில் தங்கினால்தான் சுற்றுலா என்றில்லை. ரயில் நிற்கிற சின்ன ஊர்களில் என்ன இல்லை?

முதல் நாள் நெய்வேலி தாண்டியதும் வடலூர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். கடலூர் ஓ.டி.யில் வண்டி மாறினால் சாயந்திரம் சிதம்பரம். மார்கழித் திருவாதிரைக்கு அங்கே களி விசேஷம். ஆனால் ஒன்று... ஆருத்ரா தரிசனத்தன்றே வயதானவர்களை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் கழித்துப் போனாலும் நடராஜர் அங்கேதான் இருப்பார். நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

இரண்டாம் நாள் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சீர்காழி. சம்பந்தர் பிறந்த ஊர். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்ற தமிழிசை மூவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. ராத்திரிக்கு மயிலாடுதுறை. 1879-ல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்த ஊர். காவிரிக் கரையில் துலாக்கட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், ஒரு மாதக் களைப்பு போய்விடும்.

மூன்றாம் நாள் கும்பகோணத்தை அடுத்த பாபநாசம். நாயக்கர் காலத்தில் கட்டிய நெற்களஞ்சியம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், "அரிசி கடையில் விளையாது" என்று புரியும். அன்றிரவு தஞ்சாவூர். நாலாம் நாள் திருச்சியில் வண்டி மாறி அரியலூர். ஒரு காலத்தில் கடலடியில் இருந்த மண் அது. பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு.

கவனித்தீர்களா? ஒரு நாளைக்கு இரண்டு ஊருக்கு மேல் இல்லை. பெரும்பாலும் ஒரே மூச்சில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியதும் இல்லை. பார்க்கிற ஊர் குறைந்தால் குடியா முழுகிவிடும்? பாட்டி சிரித்துக்கொண்டே திரும்பி வருவாரா, அது முக்கியம்!

கிளம்புமுன் ஒரு வார்த்தை

* தண்ணீர்: தலைக்கு ஒரு பாட்டில், காய்ச்சி ஆறவைத்தது. வெள்ளைச் சொம்பில் இருப்பதெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. மணிக்கொருமுறை பெரியவர்களை நீங்களே கேட்டுக் குடிக்க வையுங்கள். சிறுநீரக நோய், இதய நோய் காரணமாகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன அளவுதான்.

* சாப்பாடு: முதல் நாளைக்குப் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். புளிப்பு இருப்பதால் புளிசாதம் தாங்கும். தேங்காய்ச் சட்னியும் வெறும் சோறும் சீக்கிரம் கெட்டுவிடும், கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

* சர்க்கரைக்காரர்கள்: மருந்து, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை ஜன்னல் ஓர வெயிலில் வைக்காதீர்கள். மாத்திரை போட்டுவிட்டு, "தரிசனம் முடியட்டும்" என்று பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். திருவாதிரைக் களி வெல்லம் போட்டது. ஒரு ஸ்பூன் பிரசாதம், அவ்வளவுதான்!

* பாதம்: கோயில் கல்தரையில் செருப்பில்லாமல் நடக்கிறோம். கால் மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

* மூச்சு: ஆஸ்துமா உள்ளவர்கள் பனி இறங்கும் நேரத்தில் காதையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். போகிப் புகை நாட்களில் பயணமே வேண்டாம்.

* ஆபத்து அறிகுறி: ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், குளிர் நடுக்கத்தோடு ஜுரமும் நீர்க்கடுப்பும் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். ரயிலில் இருக்கும்போது 139-ஐக் கூப்பிட்டு உதவி கேட்கலாம்.

தூர ஊர்களுக்கு ராத்திரி ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம். 60 வயதானவர்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த்தில் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது செல்லும். ஆறு பேருக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்தால் பாட்டிக்கு மேல் பெர்த் வந்து தொலையும்! பெரியவர்கள் டிக்கெட்டைத் தனியாக எடுங்கள்.

"ஆனா சார்..."

"வேன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். ரயில் வருமா?" வராதுதான். ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். சின்ன லைன்களில் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். விட்டால் காத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். குறைந்த தூரம் ஓடும் சில பாசஞ்சர் வண்டிகளில் கழிப்பறையே கிடையாது. ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷனிலேயே போய்விட்டு ஏறுங்கள். அடுத்த ஊர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கூச்சத்தோடு யாரிடமும் "நிறுத்துங்க" என்று கெஞ்ச வேண்டாமே!

முட்டி வலிக்காரர்களுக்குப் படி ஏறுவது கஷ்டம், உண்மைதான். 2025 மே மாதம் புதுப்பித்துத் திறந்த ஸ்டேஷன்களில் எங்கள் விருத்தாசலமும் இருக்கிறது, சிதம்பரமும் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பதைவிட முக்கியம், பெண்கள் மூக்கைப் பொத்தாமல் போகிற கழிப்பறை. சீர்காழி, பாபநாசம், அரியலூர் மாதிரி ஊர்களிலும் அது ராத்திரியும் பகலும் திறந்திருக்க வேண்டும், சாய்தளப் பாதையும் வேண்டும். ரயில்வேக்காரர்கள் காதில் இது விழட்டும். போகிற கூட்டம் அதிகமானால்தான் கேட்கிற குரலுக்கும் பலம் வரும்.

இன்னும் சிலர் வேறு யோசனை சொல்வார்கள்: "பாட்டி வீட்டைப் பாத்துக்கட்டும், நாம போய்ட்டு வருவோம்." இது வேனைவிட மோசம்! பேரன் பேத்திகளோடு எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலில் வயலைப் பார்த்து, கதை சொல்லிக்கொண்டு போகிற நாலு நாள், எந்த டானிக்கும் தராத தெம்பைத் தரும். பூட்டுக்குக் காவல் இருக்கவா அவர் இத்தனை வருஷம் நம்மை வளர்த்தார்?

எங்கள் பெரியம்மா அந்த ஜுரத்துக்கு அப்புறம் வெளியூர் என்றாலே தலையை ஆட்டிவிடுவார். போன மார்கழியில் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் வரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். வண்டி பரங்கிப்பேட்டை தாண்டும்போது தானாகவே பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். "அங்க ரூம் இருக்குல்ல, எனக்கென்ன பயம்!" என்றார். அன்றைக்கு நாங்கள் பார்த்தது ஒரே ஒரு ஊர்தான்.

இந்த லீவுக்கு உங்கள் வீட்டில் ஊர்ப் பட்டியல் போடும்போது, முதலில் உங்கள் வீட்டு மூத்த பெண்மணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்களுக்கு எது சௌகரியம்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலுக்குத் தகுந்த மாதிரி டிக்கெட் எடுங்கள்.