எச்சில் யாருடையது? பழி யார்மீது?

பன்றி என்று எழுதுகிறோம். பன்னி என்று திட்டுகிறார்கள். நாயையும் கழுதையையும் சொல்லித் திட்டுகிறவர்கள்கூட நாய் வளர்க்கிறவரைக் கேவலமாகப் பார்ப்பதில்லை. சங்கிலி பிடித்து நடந்தால் அது அந்தஸ்து. பன்னிக்கு மட்டும் அப்படி இல்லை. அதை மேய்க்கிறவன், அறுக்கிறவன், தின்கிறவன், அவன் குடியிருக்கிற தெரு என்று அத்தனைக்கும் சேர்த்து விழுகிற திட்டு அது.

இந்தப் பழைய திட்டு இப்போது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது. தீட்டு என்று சொன்ன வாய் தொற்று என்கிறது. காலனிக்குள் நகராட்சி வண்டி வந்து பன்றிகளைச் சுருக்குப் போட்டு இழுத்துப் போகும்போது யாரும் சாதிப்பெயர் சொல்வதில்லை. 'சுகாதாரக் கேடு', 'வைரஸ் ஆபத்து' என்றால் போதும். ஆகவே வைரஸைப் பற்றி நாம் பேசியாக வேண்டியிருக்கிறது. பன்றிப் பட்டியில் வைரஸ் எதனால் பரவுகிறது? இந்தக் கேள்வியை அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவைத்தால் விடை நம் தலையில்தான் விழும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 2009இல் உலகமெங்கும் பரவிய எச்1என்1 காய்ச்சல் இருமலிலும் தும்மலிலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனது. அந்த வைரஸின் மூதாதை பன்றியிடமிருந்து வந்தது உண்மை. ஆனால் விமானம் ஏறி நாடு நாடாகப் போனது பன்றி அல்ல. உலக சுகாதார நிறுவனம் அந்த ஏப்ரல் கடைசியிலேயே 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரைக் கைவிட்டது. நம் பத்திரிகைகள் விடவில்லை. பன்றிகளை மட்டுமே கொல்கிற, மனிதரைத் தொடாத வேறொரு நோய்க்கும் 'ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்' என்று பெயர். இரண்டும் வேறு வேறு வைரஸ், ஒன்றுக்கொன்று உறவு கிடையாது. தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நம் பட்டியில் பன்றி செத்தால் அடுத்த தெருக்காரர் மூக்கைப் பொத்துகிறார்.

பெயர் என்னவெல்லாம் செய்யும் என்பதை எகிப்தில் பார்த்தோம். கெய்ரோ நகரத்துக் குப்பையை வீடு வீடாகப் போய் அள்ளுகிறவர்களை ஸப்பாலீன் என்பார்கள். பெரும்பாலும் காப்டிக் கிறித்தவர்கள், சிறுபான்மையினர். குப்பையில் வரும் சோற்றையும் காய்கறிக் கழிவையும் போட்டுப் பன்றி வளர்த்தார்கள். 2009 ஏப்ரல் இறுதியில் நாட்டிலிருந்த ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. அன்றைக்கு எகிப்தில் ஒரே ஒரு மனிதருக்குக்கூட அந்தக் காய்ச்சல் வந்திருக்கவில்லை. பன்றியைக் கொல்வதால் இந்த நோய் நிற்காது என்று உலக அமைப்புகள் சொல்லியும் கேட்கவில்லை. கொன்றார்கள். ஜூன் மாதம் காய்ச்சல் எப்படியும் வந்து சேர்ந்தது. அதற்குள் சோற்றுக் கழிவைத் தின்னப் பன்றி இல்லாமல் போய், கெய்ரோ தெருக்களில் குப்பை அழுகிக் கிடந்தது. குப்பை அள்ளுகிறவர்கள், சிறுபான்மையினர், பன்றி வளர்க்கிறவர்கள். நமக்கு இதற்கு மேல் பொழிப்புரை வேண்டுமா?

சரி, நிஜமாகவே பன்றிக்கு வருகிற நோயை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புகுந்த பட்டியில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. மருந்து கிடையாது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 90 லட்சம் பன்றிகள். அசாமில் மட்டும் 21 லட்சம். அந்த அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும்தான் 2020இல் நோய் முதலில் தெரிந்தது. அப்போது உலகத்தில் எங்குமே அதற்குத் தடுப்பூசி இல்லை. 2021இல் மிசோரமில் பல்லாயிரம் பன்றிகள் செத்தன. 2022 ஜூலையில் வயநாடு. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள். நம் வாசல்வரை வந்துவிட்டது.

இதற்கு அரசாங்கம் தருகிற ஆபத்துப் பட்டியல் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். எச்சில் தீவனம். அவிழ்த்துவிட்டு மேய்ப்பது. பட்டிக்குப் பட்டி போகிற ஆட்கள், வண்டிகள். செத்த பன்றியை ஓடையில் வீசுவது. நோய் கண்டதை மறைத்து விற்பது. இந்தப் பட்டியலில் பொய் இல்லை. ஒவ்வொன்றும் வைரஸைப் பரப்பும். நான் கேட்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கிறவர் யார்?

எச்சிலில் தொடங்குவோம். இந்த வைரஸ் பன்றிக்கறியில், உப்புப் போட்டுப் பதப்படுத்திய கறியிலும்கூட, மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 1957இல் இது ஆப்பிரிக்காவைத் தாண்டி போர்த்துகலுக்குப் போனது எப்படி? லிஸ்பன் விமான நிலையத்தில் இறங்கிய விமானங்களில் மீந்த சாப்பாட்டைப் பக்கத்துப் பன்றிகளுக்குப் போட்டதால் என்கிறார்கள். 2007இல் ஜார்ஜியா நாட்டின் போத்தி துறைமுகத்தில் நுழைந்ததும் கப்பல் சமையற்கட்டுக் கழிவில்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1957இல் விமானத்தில் தின்று மீத்தவர் எவரும் பன்றி மேய்க்கிறவர் அல்ல. நம்மூர் ஓட்டலிலும் கல்யாண மண்டபத்திலும் மீத்து வைக்கிறவரும் அல்ல. எச்சில் அவர்களுடையது, வாளி நம்முடையது, பழி நம்மீது. நன்றாகக் கொதிக்க வைத்துப் போட்டால் வைரஸ் செத்துவிடும் என்கிறார்கள். நியாயம்தான். விறகு யார் கொடுப்பது? அண்டா யார் கொடுப்பது? கழிவைக் கொதிக்க வைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று ஓட்டல்காரர்மீது ஒரு சட்டம் போடட்டுமே.

அடுத்து, அவிழ்த்துவிடாதே, கொட்டில் கட்டு என்கிறார்கள். எங்கே கட்டுவது? குறவர், காட்டுநாயக்கர், அருந்ததியர் என்று பன்றி வளர்க்கிற நம் சனங்களில் பலர் இருப்பது சாக்கடையோரத்தில், குப்பைமேட்டு ஓரத்தில், புறம்போக்கில். மனுசன் படுக்கிற இடத்துக்கே பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தில் கொட்டில் போட்டால் ஆக்கிரமிப்பு என்று இடிப்பான். போடாவிட்டால் நோய் பரப்புகிறாய் என்று பிடிப்பான்.

மூன்றாவது லாரி. சீனாவின் வடகிழக்கில் லியாவ்னிங் மாகாணத்தில் 2018 ஆகஸ்டில் தெரிந்த நோய், 2019 ஏப்ரலுக்குள் அந்நாட்டின் எல்லா மாகாணங்களுக்கும் போய்விட்டது. அத்தனை ஆயிரம் கிலோமீட்டரைப் பன்றி நடந்து கடக்கவில்லை. உயிர்ப் பன்றியை ஏற்றிய வண்டி, அதன் கழுவாத பலகை, வியாபாரியின் செருப்பு, வெட்டிய கறி, இவைதான் கடத்தின. நாலு குட்டி வைத்திருக்கிறவளிடம் லாரி கிடையாது.

பெரிய பண்ணை சுத்தம், சின்னப் பட்டி அசுத்தம் என்கிற பேச்சையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 1998-99இல் வந்த நிபா வைரஸ் தெருப்பன்றியில் கிளம்பவில்லை. ஈப்போ பக்கத்துப் பெரும் பண்ணையில் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பன்றிகளை நெருக்கி அடைத்த கொட்டில்கள், ஒட்டினாற்போல மாமரங்கள். பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலில் விழுந்தது என்பதுதான் ஆய்வின் முடிவு. அங்கிருந்து லாரியில் விற்கப்பட்ட பன்றிகளோடு வைரஸும் நெகிரி செம்பிலானுக்குப் போனது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். புது வைரஸ் என்பது 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. இது மனிதரையும் கொல்கிற வைரஸ். மலேசியாவில் 105 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பன்றியோடு புழங்கி உழைத்தவர்கள். சிங்கப்பூரில் 11 பேருக்கு வந்தது, ஒருவர் செத்தார். அவர்கள் கசாப்புக்கூடத் தொழிலாளிகள். நெருக்கி அடைத்தால் லாபம். அந்த லாபத்துக்கு முதலில் உயிர் கொடுப்பவை கொட்டில் கழுவுகிற கைகள்.

கடைசியாக, மறைத்து விற்பது. இதுதான் மிகப் பெரிய ஆபத்து, இதைத்தான் அதிகாரிகள் நம் சனங்களின் குணக்கேடு என்கிறார்கள். பன்றி வளர்க்கிற ஒரு அத்தையிடம் கேட்டேன். சொன்னார்: "ரெண்டு பன்னி தீனி எடுக்காம படுத்துச்சுன்னா மிச்சத்த அன்னைக்கே தள்ளிவிட்ருவேன் தம்பி. செத்த பன்னிக்கு எவன் காசு குடுப்பான்? ஆபீசுக்குப் போய்ச் சொன்னா டாக்டர் வர்றதுக்கு முன்னாடி போலீஸ்ல வரும்."

அத்தை செய்வது வைரஸைப் பரப்பும் வேலைதான். மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கத்தின் விதி என்ன? நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கிற பன்றிகளைக் கொல்ல வேண்டும். மத்திய அரசின் திட்டப்படி அப்படிக் கொல்லப்பட்ட பன்றிக்குத்தான் இழப்பீடு. நோயிலே தானாகச் செத்ததற்குக் கிடையாது. சொன்னால் இருப்பதும் போகும், பணம் எப்போது வரும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் பாதியாவது காசாகும். இப்படி ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு ஏன் மறைக்கிறாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சொன்னவுடனே கையில் பணம் என்றால் அத்தையே ஓடிப்போய்ச் சொல்வார். தராத இழப்பீடுதான் இந்த நோய்க்கு நடமாடும் வண்டி.

அரசாங்கத்தை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. நம்மிடையே இரண்டு கட்சி இருக்கிறது. பன்னியால்தான் மரியாதை போச்சு, விட்டுத்தொலையுங்கள் என்கிறவர்கள் ஒரு கட்சி. பன்றிக்கறி நம் கலகப் பண்பாடு என்று கவிதை எழுதுகிறவர்கள் இன்னொரு கட்சி. விட்டுத்தொலை என்கிறவர் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி சொல்வதில்லை. கலகம் என்கிறவர் குட்டி செத்து விழுகிற காலையில் பட்டிப்பக்கம் வருவதில்லை. இரண்டு கட்சியும் சேர்ந்து இதுவரை ஒரு கால்நடை டாக்டரைக் காலனிக்குள் வரவைத்திருக்கிறதா? சனங்கள் அந்த ஆஸ்பத்திரியை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பேரிலேயே பன்றிக்கு இடமில்லை. மாட்டுக்கு வீடு தேடி வருகிற ஊசி, நம் பட்டிக்கு எதிரே மட்டும் வழி மறந்துவிடுகிறது. பன்றியின் பழைய காய்ச்சலான கிளாசிக்கல் வகைக்கு ஊசி இருக்கிறது. அதைக்கூடக் கேட்டுப் போராடாமல் என்ன பண்பாட்டுப் புரட்சி?

கேட்க வேண்டியவற்றைப் பட்டியலாகவே எழுதி ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப் போவோம். கொன்ற பன்றிக்கு மட்டுமல்ல, நோயில் செத்த பன்றிக்கும் இழப்பீடு. அதுவும் வாரக்கணக்கில், வருசக்கணக்கில் அல்ல. கொட்டில் கட்டப் பட்டா நிலம், தண்ணீர். ஓட்டல், மண்டபக் கழிவைக் கொதிக்க வைத்துத் தருகிற பொறுப்பு கழிவை உண்டாக்குகிறவருக்கு. சந்தையிலும் சோதனைச் சாவடியிலும் வண்டி கழுவ ஏற்பாடு. செத்ததைப் புதைக்கச் சுண்ணாம்பும் இடமும். பட்டி தேடி வருகிற டாக்டர். கொட்டில் கழுவுகிற, கசாப்புப் போடுகிற கைகளுக்கு உறையும் மருத்துவமும்.

இவை ஒவ்வொன்றும் வைரஸைத் தடுக்கிற வேலை. செய்ய மனமில்லாதவர்கள் சுருக்குக் கயிற்றோடு வருவார்கள். வரும்போது கேளுங்கள்: வாளியில் இருக்கிற இந்தச் சோறு யார் இலையில் மீந்தது?