இத்தாலி பேசாமல் விட்ட கணக்கு

தேர்தல் முடிந்து யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றானதும் உலகம் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. 2018 மார்ச் 4 அன்று நடந்த இத்தாலித் தேர்தலுக்குப் பிறகும் அப்படித்தான். வலதுசாரிக் கூட்டணிக்குச் சுமார் 37%, தனித்துப் போட்டியிட்ட ஐந்து நட்சத்திர இயக்கத்துக்கு 32 சதவீதத்துக்கு மேல், ஆண்டுகொண்டிருந்த ஜனநாயகக் கட்சிக்கு 19 சதவீதத்துக்கும் கீழ். இந்த முடிவிலிருந்து ஜுசெப்பே கோன்தே பிரதமராகப் பதவியேற்ற ஜூன் 1 வரை ஏறக்குறைய மூன்று மாதம் போனது. ‘இழுபறி’, ‘முடக்கம்’ என்றே அந்தக் காலம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த மூன்று மாதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை நாள் பேசியும் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

தாமதமே நோய் என்றால் ஜெர்மனி அல்லவா முதலில் படுத்திருக்க வேண்டும்! அங்கே 2017 செப்டம்பர் 24 தேர்தலுக்குப் பின் அரசு பதவியேற்க 2018 மார்ச் 14 ஆனது. இத்தாலியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காலம். ஆனால் அங்கே முன்னுரிமைத் திட்டங்களுக்கு 46 பில்லியன் யூரோ என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே தொகையை எழுதினார்கள். கூட்டணியில் சேரவிருந்த சமூக ஜனநாயகக் கட்சி அதைத் தன் உறுப்பினர்களின் தபால் வாக்குக்கும் விட்டது. உள்ளே எவ்வளவோ பூசல் இருந்தும் அந்த அரசு 2021 தேர்தல் வரை நின்றது. மாற்றுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரைக் கவிழ்க்க முடியாத ஜெர்மன் அரசியல் சட்டமும் அதற்கு உதவியது, உண்மைதான். இத்தாலியில் அந்தத் தடுப்பு இல்லை. அப்படியானால் அங்கே ஒப்பந்தம் இன்னும் கெட்டியாக இருந்திருக்க வேண்டாமா?

ஐந்து நட்சத்திர இயக்கத்தின் லூயிஜி தி மாயோவும், வலதுசாரிக் கூட்டணியிலிருந்த லேகா கட்சியின் மத்தேயோ சல்வீனியும் சேர்ந்து அரசு அமைக்க மே மாதம் கையெழுத்திட்ட ‘மாற்றத்துக்கான அரசின் ஒப்பந்தம்’ ஐம்பது பக்கங்களைத் தாண்டும். ஏழைகளுக்கு மாத உதவித்தொகை என்ற ஒருவரின் வாக்குறுதியும், வருமான வரிக் குறைப்பு என்ற மற்றவரின் வாக்குறுதியும் அதில் இருந்தன. ஓய்வூதிய வயதைத் தளர்த்துவதும் சேர்ந்தது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்ற தெளிவான கணக்கு மட்டும் இல்லை. கார்லோ கொத்தரெல்லி தலைமையிலான ஆய்வு மையம் கூட்டிப் பார்த்தபோது செலவு 100 பில்லியன் யூரோவைத் தாண்டியது. மே மாதம் தள்ளிப்போட்ட அந்தக் கணக்கு அக்டோபரில் வாசலில் வந்து நின்றது. 2.4% பற்றாக்குறையோடு ரோம் அனுப்பிய வரைவு பட்ஜெட்டை ஐரோப்பிய ஆணையம் திருப்பி அனுப்பியது. ஒரு நாட்டின் பட்ஜெட்டை ஆணையம் அப்படி நிராகரித்தது அதுவே முதல்முறை. டிசம்பரில் 2.04 சதவீதத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று.

தூரின்–லியோன் ரயில் பாதையின் கதை இன்னும் தெளிவானது. ஐந்து நட்சத்திர இயக்கம் அதை அடியோடு எதிர்த்தது. லேகா கட்டியே தீர வேண்டும் என்றது. ஒப்பந்தமோ ‘திட்டத்தை முழுமையாக மறுபரிசீலனை செய்வோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தோடு நகர்ந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் 7 அன்று செனட்டில் ஐந்து நட்சத்திர இயக்கத்தின் எதிர்ப்புத் தீர்மானத்தை லேகா எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து தோற்கடித்தது. மறுநாளே கூட்டணி முடிந்தது என்றார் சல்வீனி. கருத்துக்கணிப்புகளில் கட்சி ஏறுமுகத்தில் இருந்ததும் அவரை உந்தியது. ஆனாலும் அவர் கையில் சாக்கைக் கொடுத்தது அந்த வழவழ வாக்கியம்.

சந்தை பதறியதே, நாள் கடத்தியதால்தானே என்று கேட்கலாம். மார்ச், ஏப்ரல் முழுவதும் காபந்து அரசுதான் இருந்தது. அப்போது இத்தாலியின் பத்தாண்டுக் கடன் பத்திரத்துக்கும் ஜெர்மனியின் பத்திரத்துக்கும் இடையிலான வட்டி வித்தியாசம் ஒன்றரை சதவீதப் புள்ளிக்குள்ளேயே கிடந்தது. மே நடுவில் ஒப்பந்த வரைவு கசிந்து, ஐரோப்பிய மத்திய வங்கியிடம் உள்ள 250 பில்லியன் யூரோ கடனைத் தள்ளுபடி செய்யும் யோசனை வெளியே வந்த பிறகுதான் அது ஏறத் தொடங்கியது. அமைச்சர் நியமனச் சர்ச்சையும் மறுதேர்தல் அச்சமும் சேர, மே 29 அன்று மூன்று புள்ளியை நெருங்கியது. காத்திருப்பைச் சந்தை பொறுத்துக்கொண்டது.

முதலிடத்துக்கு வருபவருக்குப் போனஸ் இடங்கள் கொடுத்துவிட்டால் பேரமே வேண்டாமே என்பார்கள். 2013 இல் அதுதான் செய்யப்பட்டது. 29.5% வாக்கு பெற்ற இடதுசாரிக் கூட்டணிக்குக் கீழவையின் 630 இடங்களில் 340 போனது. செனட்டில் பெரும்பான்மை இல்லாததால் அப்போதும் மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. அந்தப் போனஸ் முறையையே அரசியல் சட்ட நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. பத்தில் மூன்று பேரின் வாக்கைப் பெரும்பான்மையாக்குவது எனக்கும் ஏற்புடையதல்ல.

ஆகவே மாற வேண்டியது பேச்சின் உள்ளடக்கம். நெதர்லாந்தில் கூட்டணி ஒப்பந்தத்தின் செலவை அரசின் பொருளாதாரத் திட்டப் பணியகம் கணக்கிட்டுத் தருகிறது. இத்தாலியிலும் நாடாளுமன்றத்துக்கென்று சுதந்திரமான பட்ஜெட் அலுவலகம் 2014 முதல் இருக்கிறது. அதன் கணக்கைப் பார்த்த பிறகே பிரதமரை நியமிப்பேன் என்று குடியரசுத் தலைவர் சொல்லலாம். அது வரம்பு மீறல் ஆகாதா? 2018 மே 27 அன்று, யூரோவை விட்டு வெளியேறும் திட்டம் பற்றிப் பேசியவர் என்பதால் பாவ்லோ சவோனாவைப் பொருளாதார அமைச்சராக்கக் குடியரசுத் தலைவர் செர்ஜோ மத்தரெல்லா மறுத்தார். அமைச்சர்களை நியமிக்கும் அவரது அதிகாரம் அரசியல் சட்டத்தின் 92ஆவது பிரிவில் இருக்கிறது. பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவருவேன் என்று முழங்கிய தி மாயோ, சில நாட்களிலேயே அதைக் கைவிட்டு, ஜொவான்னி த்ரியாவை அந்தப் பதவிக்கு ஏற்றுக்கொண்டார். கடைசி நாளில் ஒரு பெயரை மறுக்க முடிந்த மத்தரெல்லாவுக்கு, இரண்டு வாரம் முன்னதாக ஒரு கணக்கைக் கேட்கவும் முடிந்திருக்கும். அதற்காக ஜூன் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டி வந்திருந்தாலும் இத்தாலியர்களுக்கு அது இழப்பாகியிருக்காது.